காய்ச்சல் அலைக்குப் பிறகு நுரையீரல் ஸ்கேனில் ‘நாட்யூல்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டிருப்பார். இன்ஃப்ளூயன்சாவோ கொரோனாவின் புது வகையோ சுற்றும் மாதங்களில் நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுப்பவர்களும் கூடிவிடுகிறார்கள். ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் ‘நாட்யூல்’ (முடிச்சு) என்று ஒரு வரி வந்துவிட்டால், அன்று இரவு அந்த வீட்டில் யாரும் தூங்குவதில்லை. நெஞ்சக நோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் காலங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

காய்ச்சலுக்காக எடுத்த சி.டி.யில் ‘வலது மேல் மடலில் 7 மி.மீ. நாட்யூல்’ என்று இருக்கிறது. இது கேன்சரா?

பெரும்பாலும் இல்லை. நுரையீரலுக்குள் 3 செ.மீ. வரை உருண்டையாகத் தெரியும் எந்த நிழலுக்கும் ரிப்போர்ட்டில் நாட்யூல் என்றே எழுதுவார்கள். அது எதனால் வந்தது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. பழைய காசநோய்த் தழும்பு, நுரையீரலுக்குள் இருக்கும் சின்ன நெறிக்கட்டி, ஆறிக்கொண்டிருக்கும் நிமோனியா, புற்றுநோய் எல்லாமே அந்த ஒரே பெயரில்தான் வரும்.

அமெரிக்காவில் 53,454 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2011-ல் முடிவு வெளியானது. எல்லாரும் 55 முதல் 74 வயதுக்குள், நிறைய புகைத்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு எக்ஸ்ரே, இன்னொரு பாதிப் பேருக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி., வருடத்துக்கு ஒன்றாக மூன்று முறை. சி.டி. எடுத்த தடவைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ‘சந்தேகம்’ என்று வந்தது. அப்படி வந்தவற்றில் 96 சதவீதத்துக்கு மேல் புற்றுநோய் இல்லை. அதே ஆய்வில்தான் சி.டி. குழுவில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்ததும் தெரிந்தது. நுரையீரல் ஸ்கேனைப் பற்றி நான் என்ன சொன்னாலும் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் சொல்வேன். பயப்பட வேண்டாம் என்பதற்கு முதல் எண் ஆதாரம், விட்டுவிட வேண்டாம் என்பதற்கு இரண்டாவது எண் ஆதாரம்.

இன்னொரு விவரம். அந்த ஆய்வில், முந்தைய 12 வாரத்துக்குள் நிமோனியாவோ நெஞ்சுச் சளியோ வந்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தொற்று நிழல் கணக்கைக் கெடுத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களை ஒதுக்கிய பிறகும் அத்தனை பொய்ச் சந்தேகம் வந்தது என்றால், ஊரே காய்ச்சலில் கிடக்கும்போது எடுக்கிற ஸ்கேனில் எவ்வளவு வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

தொற்றுநோய் அலை ஸ்கேன் முடிவை எப்படி மாற்றுகிறது?

வைரஸ் நுரையீரலின் காற்றறைகளைத் தாக்கும்போது, காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரும் அழற்சி அணுக்களும் வந்து சேர்கின்றன. காற்று சி.டி.யில் கறுப்பாகத் தெரியும், நீர் வெளுப்பாகத் தெரியும். இரண்டும் கலந்த இடம் பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கும். கொரோனாக் காலத்தில் எல்லாரும் கேட்டுப் பழகிய ‘கிரவுண்ட் கிளாஸ்’ அதுதான். 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோதும் இதே போன்ற நிழல்களைப் பார்த்தோம்.

இந்த மங்கல் படலமாகப் பரவியிருந்தால் குழப்பம் இல்லை. சில பேருக்கு அது உருண்டையாக, தனித்தனிப் புள்ளியாக நிற்கும். சில பேருக்குக் காய்ச்சல் போன பிறகும் அழற்சி முழுதும் கரையாமல் ஒரு இடத்தில் திரண்டு கெட்டிப்பட்டுவிடும். இதை ஆர்கனைஸிங் நிமோனியா என்பார்கள். படத்தில் அச்சு அசல் கட்டி மாதிரியே இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு, அதிலும் கொரோனாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, கருப்புப் பூஞ்சையும் நுரையீரலில் இப்படி உருண்டு நின்றது உண்டு.

புது நிழல் வருவது ஒரு வகைக் குழப்பம். ஏற்கெனவே இருக்கும் முடிச்சு மறைந்துபோவது இன்னொரு வகை. சுற்றிலும் நிமோனியா வெளுத்துக் கிடந்தால் நடுவில் இருக்கும் 9 மி.மீ. முடிச்சு கண்ணுக்குப் படாது. நிமோனியா கரைந்த பிறகு எடுக்கும் படத்தில் அது ‘புதிதாக’ முளைத்ததுபோல் தெரியும். பழைய முடிச்சின் ஓரத்தில் அழற்சி ஒட்டிக்கொண்டு அளவு கூடித் தெரிவதும் உண்டு. கண்ணால் பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் 8 மி.மீ. குறுக்களவு 10 ஆனால் உருண்டையின் கன அளவு ஏறக்குறைய இரட்டிப்பு. அதைப் படிக்கிற மருத்துவர் ‘வேகமாக வளர்கிறது’ என்று எழுதுவார். மூச்சைச் சரியாக இழுத்துப் பிடிக்க முடியாமல் இருமுகிறவருக்குப் படம் ஆடிப்போனால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் சும்மாவே வந்துவிடும்.

கடைசியாக வரிசை. அலை வந்தால் ஸ்கேன் அறைகள் காய்ச்சல்காரர்களால் நிரம்பும். முன்பே தேதி கொடுத்து வைத்த பழைய முடிச்சுக்காரர்கள் பின்னுக்குப் போவார்கள், அல்லது ஆஸ்பத்திரிப் பக்கம் வரப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஸ்கேன் முடிவைக் கெடுப்பதில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

தொற்று நிழலையும் கேன்சர் நிழலையும் பார்த்தே பிரித்துவிட முடியாதா?

ஓரளவு முடியும். இரண்டு பக்கமும் பல இடத்தில், கீழ் மடல்களில், நுரையீரலின் வெளி ஓரத்தை ஒட்டி, கரை மங்கிய நிழல்கள் என்றால் வைரஸ் பக்கம் எண்ணம் போகும். சின்னச் சின்னப் புள்ளிகள் துளிர் விட்ட கிளை மாதிரி கிடந்தால் மூச்சுக்குழல் தொற்று, நம் ஊரில் காசநோயும் அதில் அடக்கம். தனியாக ஒன்று, மேல் மடலில், ஓரத்தில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டு நின்றால் கவனம் கூடும். முழுக்கச் சுண்ணாம்பு ஏறிய முடிச்சு என்றால் பழைய கதை, நிம்மதியாக இருக்கலாம். இரண்டு மடல்களுக்கு இடையில் உள்ள மெல்லிய கோட்டை ஒட்டி முக்கோணமாக, சின்னதாக இருந்தால் அது பெரும்பாலும் நெறிக்கட்டிதான்.

ஆனால் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். மெதுவாக வளரும் ஒரு வகை நுரையீரல் புற்றுநோய் (அடினோகார்சினோமா), வைரஸ் நிழலைப் போலவே மங்கலான கண்ணாடியாகத்தான் தொடங்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது காலம். தொற்று சில வாரங்களில் கரையும் அல்லது சுருங்கும். திடமான புற்றுநோய் முடிச்சு இரட்டிப்பாகப் பொதுவாகச் சில மாதங்கள் ஆகும், மங்கலான வகைக்கு ஆண்டுகளே ஆகலாம். பத்துப் பதினைந்து நாளில் இரட்டிப்பானால், கேட்கப் பயமாக இருந்தாலும், அது தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் மறு ஸ்கேன் எப்போது?

இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். பயத்தில் இரண்டே வாரத்தில் போய் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் நிழல் பாதி கரைந்து பாதி நிற்கும், குழப்பம் கூடும், பணமும் போகும்.

ஸ்கிரீனிங், அதாவது அறிகுறி இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துப் பார்க்கும் ஸ்கேன், ரிப்போர்ட்டுகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் லங்-ராட்ஸ் முறையின் 2022 பதிப்பு இதற்கென்றே வழி சொல்கிறது. படம் தொற்றாகவோ அழற்சியாகவோ தெரிந்தால் அதற்கு நல்லது கெட்டது என்று மதிப்பெண் போடாமல் ‘0’ என்று வைத்துவிட்டு, 1 முதல் 3 மாதத்தில் குறைந்த கதிர்வீச்சு சி.டி. மறுபடி எடுக்கச் சொல்கிறது. கொரோனா நிமோனியா வந்தவர்களுக்கு நான் 12 வாரம் என்றே தேதி கொடுக்கிறேன். அதற்குள் கரைய வேண்டியதில் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

தொற்றுக்கான அறிகுறியே இல்லாத, தற்செயலாகக் கண்ணில் பட்ட திடமான முடிச்சு என்றால் நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் ஃபிளைஷ்னர் சங்கம் தந்த 2017 வழிகாட்டுதல் இருக்கிறது. 6 மி.மீ.க்குக் குறைவு, புகை பழக்கம் முதலிய ஆபத்தும் இல்லை என்றால் மறு ஸ்கேனே தேவையில்லை. 6 முதல் 8 மி.மீ. என்றால் 6 முதல் 12 மாதத்தில் ஒருமுறை. 8-க்கு மேல் போனால் 3 மாதத்தில் சி.டி., அல்லது பெட் ஸ்கேன், அல்லது பயாப்ஸி (திசு எடுத்துச் சோதிப்பது), ஆளைப் பொறுத்து. மங்கலான கண்ணாடி வகை 6 மி.மீ.க்கு மேல் இருந்து, மறு ஸ்கேனிலும் போகாமல் நின்றால், அதை 5 வருடம் வரை பின்தொடர வேண்டும். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

காய்ச்சல் போய்விட்டது, அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார். இன்னொரு ஸ்கேன் எதற்கு என்கிறார்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் பார்க்கும் ஒரு 58 வயதுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடப் பீடி. காய்ச்சலும் இருமலுமாக வந்து சி.டி. எடுக்கிறார். ரிப்போர்ட்டில் இரண்டு வரி: ‘இரு கீழ் மடல்களிலும் தொற்று நிழல்கள். இடது மேல் மடலில் 11 மி.மீ. முடிச்சு, தொற்று தணிந்தபின் மறு ஸ்கேன் தேவை.’ மருந்தில் காய்ச்சல் போகிறது. வீட்டார் கேட்கும்போது டாக்டர் ‘தொற்றுதான்’ என்கிறார், முதல் வரியைப் பொறுத்தவரை அது சரி. இரண்டாவது வரி ஃபிலிம் உறையோடு பீரோவுக்குள் போய்விடுகிறது. ஒன்றரை வருடம் கழித்து எடை குறைந்து, குரல் கம்மி வரும்போது அந்த உறையைத் தேடி எடுக்கிறார்கள். 11 மி.மீ.யில் அறுவை செய்து எடுத்திருக்கக்கூடிய ஒன்று, அப்போது அறுவைக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கும்.

ஆரம்ப நுரையீரல் புற்றுநோய் வலிக்காது. நுரையீரல் திசுவுக்குள் வலி உணரும் நரம்பு கிடையாது. அதனால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதை வைத்து ஒரு முடிச்சைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. காய்ச்சல் போனதும் நிழல் போனதும் ஒன்றல்ல.

அலையினால் வரும் தாமதம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பதிவு உண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழக மருத்துவமனையில் 2020 மார்ச்சில் நுரையீரல் ஸ்கிரீனிங்கை நிறுத்தி, பிறகு மெல்லத் திறந்தார்கள். நிறுத்துவதற்கு முன் 8 சதவீதம் பேருக்கு இருந்த ‘புற்றுநோய்ச் சந்தேகம்’ திறந்த பின் வந்தவர்களில் 29 சதவீதமாக இருந்தது. அத்தனையும் புற்றுநோய் இல்லைதான். வரத் தவறிய தேதிகளின் கனம் அந்த எண்ணில் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் அப்பா மறுத்தால், கட்டாயப்படுத்துவதைவிட ஸ்கேன் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, மகளிடமோ மருமகனிடமோ பொறுப்பை ஒப்படையுங்கள். வீட்டில் ஒருவர் தேதியைச் சுமந்தால்தான் இது நடக்கிறது.

நான் வருடாவருடம் ஸ்கிரீனிங் எடுத்துக்கொள்ளலாமா?

அமெரிக்காவின் 2021 பரிந்துரைப்படி 50 முதல் 80 வயது, 20 ‘பேக்-இயர்’ புகை, இப்போதும் புகைப்பவர் அல்லது விட்டு 15 வருடம் ஆகாதவர். தினம் ஒரு பாக்கெட் 20 வருடமோ, இரண்டு பாக்கெட் 10 வருடமோ புகைத்தால் 20 பேக்-இயர். இந்தியாவில் நுரையீரலுக்கென்று அரசு ஸ்கிரீனிங் திட்டம் கிடையாது. வாய், மார்பகம், கருப்பைவாய்க்குத்தான் உண்டு. அதனால் இங்கே முடிச்சுகள் பெரும்பாலும் காய்ச்சல் ஸ்கேனிலோ மாஸ்டர் ஹெல்த் செக்கப்பிலோ தற்செயலாகத்தான் தெரிகின்றன.

விறகடுப்புப் புகையில் வாழ்நாளைக் கழித்த அம்மாக்களை இந்தப் பரிந்துரை சேர்த்துக்கொள்ளவில்லை. புகைக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருவதை நம் பக்கத்து வார்டுகளில் சாதாரணமாகப் பார்க்கிறோம். இவர்களுக்கு வருடாவருடம் ஸ்கேன் வேண்டுமா என்பதை மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

எடுப்பதாக இருந்தால் நேரம் பார்த்து எடுங்கள். இருமலோ காய்ச்சலோ இருக்கும்போதும், நிமோனியா வந்து மூன்று மாதம் ஆகாதபோதும் ஸ்கிரீனிங் வேண்டாம். மழைக்கால அலை ஓய்ந்து, மாசி, பங்குனியில் எடுத்தால் படம் தெளிவாக வரும். பீடி சிகரெட்டை விடுவது மட்டும் எந்த மாதத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

காசநோய் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். சரியா?

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். அதனால் அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. சளியில் சிபி-நாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை அரசு மையங்களில் இலவசம். சளி வரவில்லை என்றால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு நீர் எடுத்து அனுப்பலாம். கிருமி தெரியாமலே படத்தை வைத்து மாத்திரை தொடங்க வேண்டிய சூழலும் உண்டு. அப்போது ‘இரண்டு மாதம் கழித்து மறு ஸ்கேன் உண்டா?’ என்று கேளுங்கள். நிழல் சுருங்கவில்லை என்றால் ஆறு மாத மாத்திரையை முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. புற்றுநோய்க்குக் காசநோய் மாத்திரை கொடுத்து மாதங்களை இழப்பது நம் நாட்டில் பழைய துயரம்.

கடலூர், புதுச்சேரி வயல்வெளிகளில் சேற்றில் இறங்கி வேலை செய்பவர்களுக்குச் சர்க்கரையும் இருந்தால் மண் கிருமியால் வரும் மீலியாய்டோசிஸ் என்ற நோயும் நினைவில் இருக்க வேண்டும். அதுவும் நுரையீரலில் முடிச்சும் சீழும் கட்டும், காசநோய் மருந்துக்கு அடங்காது.

‘முடிச்சு கரைய’ ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் போடலாமா?

பாக்டீரியா நிமோனியா இருந்தால் போட வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாமல் முடிச்சு மட்டும் இருந்தால் வேண்டாம். தானாகக் கரைவது தானாகவே கரையும்.

பெட் ஸ்கேன் எடுத்தால் ஒரேயடியாகத் தெரிந்துவிடாதா?

பெட் ஸ்கேன் சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் அணுக்களைக் காட்டும். புற்றுநோய் அணு உறிஞ்சும், அழற்சி அணுவும் உறிஞ்சும். புது நிமோனியா, காசநோய் முடிச்சு, இரண்டுமே பிரகாசமாக எரியும். கொரோனாத் தடுப்பூசி போட்ட சில வாரங்களுக்கு அந்தக் கைப்பக்கத்து அக்குள் நெறிக்கட்டியும் எரிந்தது, எத்தனையோ பேரைப் பயமுறுத்தியது. 8 மி.மீ.க்குக் கீழ் முடிச்சுகளில் இதை நம்பவும் முடியாது. அலை நேரத்தில் அவசரப்பட்டு எடுத்தால் பல ஆயிரம் செலவழித்துக் கவலையைத்தான் வாங்கி வருவீர்கள். தடுப்பூசியோ காய்ச்சலோ இருந்தால் தேதியோடு ஸ்கேன் மையத்தில் சொல்லுங்கள்.

இத்தனை ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஏறக்குறைய 1.5 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையாகவே நம் மேல் விழுவது உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4. சாதாரண நெஞ்சு சி.டி. இதைப்போலச் சில மடங்கு. முடிச்சைப் பின்தொடர ‘லோ-டோஸ், கான்ட்ராஸ்ட் இல்லாமல்’ (குறைந்த கதிர்வீச்சில், சாய மருந்து ஏற்றாமல்) போதுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் போதும்.

எங்கே போவது, எதை எடுத்துப் போவது?

புதுச்சேரியில் கோரிமேட்டில் ஜிப்மரும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் இருக்கின்றன. கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி. கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனை, தெற்கே இருப்பவர்களுக்குச் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

எடுத்துப் போவதில் முக்கியமானது பழைய ஸ்கேன். 2020, 2021-ல் கொரோனாவுக்காக சி.டி. எடுத்த குடும்பங்கள் நிறைய. அன்று எல்லாரும் ‘25-க்கு எத்தனை ஸ்கோர்’ என்று மட்டும் பார்த்துவிட்டு உறையை மூடினோம். அந்தப் படத்தில் இன்றைய முடிச்சு அதே இடத்தில் அதே அளவில் இருந்தால், திட முடிச்சைப் பொறுத்தவரை இரண்டு வருடத்துக்கு மேல் மாறாதது என்று ஆகிவிடும். பயாப்ஸி ஊசியே தேவைப்படாமல் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அன்று அங்கே ஒன்றுமே இல்லை என்றாலும் அதுவும் பெரிய தகவல்தான்.

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஃபிலிமில் படங்கள் தபால்தலை அளவில் இருக்கும், 6 மி.மீ. முடிச்சை அதில் அளக்க முடியாது. ஸ்கேன் மையத்தில் டிஸ்க்கோ பென் டிரைவோ கேட்டு, முழுப் படங்களையும் ‘டைகாம்’ வடிவில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஃபிலிமைப் போட்டோ எடுத்து அனுப்பி ‘சொல்லுங்க சார்’ என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. மறு ஸ்கேனை முடிந்தவரை அதே மையத்தில் எடுங்கள். இயந்திரம் மாறினால் அளவும் கொஞ்சம் மாறும். எப்போது காய்ச்சல் தொடங்கியது, எப்போது விட்டது, என்ன மருந்து, எத்தனை வருடம் என்ன புகைத்தார், நெய்வேலியிலோ சிப்காட்டிலோ கல் உடைக்கும் இடத்திலோ தூசியில் வேலை பார்த்தாரா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஸ்கேன் படிக்கும் ரேடியாலஜிஸ்டுக்கு அந்தத் தாள் போய்ச் சேர வேண்டும். ‘காய்ச்சல் 10 நாளுக்கு முன்’ என்று ஒரு வரி தெரிந்தால் அவர் எழுதும் முடிவே வேறாக இருக்கும்.

12 வாரம் காத்திருக்கச் சொல்கிறீர்கள். காத்திருக்கவே கூடாத நிலை எது?

இருமலில் ரத்தம் வந்தால். காரணமில்லாமல் எடை குறைந்தால். குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மிப் போனால். முகமோ கழுத்தோ வீங்கினால், கழுத்தெலும்புக்கு மேல் கட்டி தட்டுப்பட்டால். ஒரே இடத்தில் நிமோனியா திரும்பத் திரும்ப வந்தால், அங்கே மூச்சுக்குழாயை ஏதோ அடைத்துக்கொண்டிருக்கலாம். முடிச்சு 15 மி.மீ.க்கு மேல், ஓரம் முள் முள்ளாக, புகைத்தவர் என்றால். மூச்சுத்திணறலோ ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழோ போனால் அது முடிச்சின் பிரச்சினையே இல்லை, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மற்றவற்றுக்கு இந்த வாரத்துக்குள் நெஞ்சக மருத்துவரைப் பாருங்கள். கொடுத்த தேதி தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, முன்னால் போய் வெளிநோயாளிப் பிரிவில் சொல்லுங்கள், பார்ப்பார்கள்.